மூன்று கதவு

தம்மாமிலிருந்து லீவில் வந்த டெல்வின்
போனில் ஒரு படம் காட்டினான்.
நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, பக்கத்துக்கு ஒரே கதவு.
அமெரிக்க வண்டி, ஐம்பது வருஷப் பழசு.
"கம்பெனிக்காரன் இதைத் திரும்பச் செய்வானாண்ணு
உலகம் பூரா காத்துக் கெடக்கியானுவ அண்ணே.
நமக்கு எதுக்குக் காத்திருப்பு?
பொறத்துக் கதவு ரெண்டையும் அடைச்சுத் தாங்க."

அவன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு கான்டெசா,
தொண்ணூற்றி நாலு மாடல்,
நிறம் என்ன என்று ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும்.

அழகியமண்டபத்திலிருந்து
திங்கள்சந்தை போகும் ரோட்டில்
முப்பத்தோரு வருஷமாகத் தகரம் தட்டுகிறேன்.
கதவைத் திறக்கச் சொல்லித்தான் ஆள் வரும்:
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய டாக்டர்,
ஜோடித்த காருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை.
அடைக்கச் சொன்னது இவன்தான் முதல்.

சொல்லிப் பார்த்தேன்.
நாலில் ரெண்டைக் கழித்தால் வருவதல்ல, தம்பி, ரெண்டு கதவு.
நடுத்தூண் ஒரு சாண் பின்னால் போகணும்,
முன்கதவு அந்த ஒரு சாண் வளரணும்,
வளர்ந்த பாரத்துக்குக் கீல் தொங்காமல் இருக்கணும்,
முன்சீட்டுக்குக் குனியத் தெரியணும்.
எல்லாம் காகிதத்தில் தொடங்க வேண்டிய சங்கதி.
கம்பெனி செய்தால் பிறவி.
நான் செய்தால் தையல்.
ஆர்.டி.ஓ. பார்த்தால் அதுவும் இல்லை.

"தையல் போடுங்க" என்றான்.

இடப்பக்கப் பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
மூன்று கொண்டை ஊசி,
ஒரு புளியங்கொட்டை,
மடித்து மடித்து நூலாகிப்போன மருந்துச்சீட்டு.
கண்ணாடி இறக்கும் பிடி தேய்ந்து பளபளத்தது.
முன்கதவுப் பிடியில் அந்தத் தேய்மானம் இல்லை.
பின்னால் இருந்தவர்கள்தான்
அதிகம் காற்று கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இது பாவம் என்று.
உலகத்தில் எந்தக் கம்பெனியும் இதைச் செய்யக் கூடாது என்று.
சுபினை அனுப்பிச் சாயா வாங்கிக் குடித்தேன்,
தீர்ப்பு எழுதிய ஜட்ஜி மாதிரி.

வெள்ளிக்கிழமை அவன் மனைவி ஜெனிஃபா வந்தாள் ஸ்கூட்டரில்.
நம் கட்சிக்கு ஆள் வந்தாச்சு என்று
முன்சீட்டைச் சாய்த்து,
"பொறத்த ஏறிப் பாருங்க" என்றேன்.
ஒரு கால் உள்ளே. மறு காலுக்கு இடமில்லை.
ஹெல்மெட் கூரையில் டொக்கென்று இடித்தது.
சிரித்தாள்.

"இது போதும் அண்ணே.
முட்டம் போனாலும் பள்ளிக்குப் போனாலும்
மாமி, ரெண்டு நாத்தனாரு, பிள்ளைய,
மரச்சீனி அவிச்ச தூக்குவாளி,
எல்லாம் பொறத்த ஏறும்.
கெட்டி நாலு வருஷம்.
அவரு கூட இருந்தது நூத்திப் பதினெட்டு நாளு,
நான் எண்ணி வச்சிருக்கேன்.
சட்டுண்ணு அடைங்க."

முப்பத்தோரு வருஷத் தொழிலின் மேல்
யாரோ பிரைமர் அடித்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரியே இடப்பக்கத்தை அடைத்தேன்.
தையல் தெரியாமல் ராவி, புட்டி பூசி, தேய்த்து,
தடவிப் பார்த்தால் கதவு இருந்த ஞாபகமே தகரத்துக்கு இல்லை.
சனிக்கிழமை தம்மாமிலிருந்து போன்.
ஞாயிறு விடியுமுன்
அவன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியாச்சு.
வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ஒன்று,
இப்படியொரு வண்டி எந்தக் கம்பெனிக் கனவிலும் வந்திருக்காது.

ரெண்டு கதவில் திரும்பச் செய்யலாமா என்று
இப்போது என்னைக் கேட்டால்
செய்யட்டும் என்பேன்,
உரக்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து
ஜெனிஃபா நேரே ஷெட்டுக்கு வந்தாள்.
முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி
வீடியோவில் அவனைக் கூப்பிட்டாள்.
கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன் சுபினிடம்.
ஆட்டோவில் பின்னாலேயே வந்த மாமி
வண்டியைச் சுற்றி வந்து,
இடப்பக்கம் தடவிப் பார்த்துக் குழம்பி,
வலப்பக்கப் பின்கதவைத் திறந்து
உள்ளே ஏறி உட்கார்ந்து,
மருமகளின் தோளுக்கு மேலே எட்டி,
"மக்கா, சாப்பிட்டியால?" என்றாள்.

என் கையில்
ஒரு வெல்டிங் ராடு மிச்சம் இருந்தது.