ஏழாவது பல்

அறுவடை இயந்திரம் இன்னும்
வயல் வாசலைத் தாண்டவில்லை.
அதன் புழுதி இவோரின் புருவத்தில்.
வியாழக்கிழமை மழை என்கிறது தொலைபேசி.
வியாழனை நம்பிச்
செவ்வாயன்றே விதைக்கிறோம்.

லிங்கன்ஷயரின் இந்தக் களிமண்
நனைந்தால் பசை, காய்ந்தால் ஓடு.
நடுவில் அது மண்ணாக இருப்பது
வருடத்துக்குப் பதினோரு நாள்.
அதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை.

உழவில்லை இந்த முறை.
கோதுமையின் அரிதாள் கணுக்கால் உயரம் நிற்க,
அதன் நடுவே இறங்குகின்றன
இருபது இரும்புப் பற்கள்.
புரட்டுவதில்லை, கீறுவதோடு சரி.
பழைய சட்டையின் தையலைப் பிரிக்கும்
பிளேடு நுனி அளவுக்கு.
கீறலில் விதை, விதைமேல் சிட்டிகை மண்,
பின்னால் உருளை.

ஒரு ஹெக்டேருக்கு மூன்றரைக் கிலோ:
அரை வாளிகூட இல்லை.
அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும்
இந்தக் கரிய எண்ணெய்க் கடுகிடம்தான்
டிராக்டரின் தவணையைக் கேட்கப் போகிறேன்.

வேலியில் சாய்ந்து கிளெம் ராத்பர்ன் கேட்டார்:
"கலப்பையை விற்றுவிட்டாயா?"
"இல்லை. கோழி அடைகாக்கிறது அதன்மேல்."
அவர் சிரிக்கவில்லை.

போன வருடம்
உழுதேன், உடைத்தேன், மறுபடி உடைத்தேன்.
சலித்த மாவு போலிருந்தது நிலம்.
தெள்ளு வண்டுக்கு
மேசை விரிப்பு போட்டுப் பரிமாறியிருக்கிறேன்.
பதினான்கு ஹெக்டேர், ஒன்பது நாள்.
பிறகு வங்கியிலிருந்து ஒரு தாள் வந்தது.
அந்தத் தாளும் இந்தத் தாளும்
ஒரே சொல்லாக இருக்கும் மொழி
எங்காவது இருக்கக்கூடும்.

மூன்றாவது சுற்றில் வைக்கோல் அடைத்தது.
பற்களிடையே பறவைக்கூடு போலத் திரண்டு
மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்தது.
இவோர் இறங்கினார்,
வைக்கோலை, வைக்கோலைத் துண்டாக்கிய கத்தியை,
அந்தக் கத்தியைத் தீட்டாத என்னை,
இதே வரிசையில் திட்டினார்.
கையாலேயே பிடுங்கிப் போட்டோம்.
இருட்டும்வரை அப்படித்தான்.

மழை வெள்ளிக்கிழமை வந்தது.
நான்கு மில்லிமீட்டர்.
சட்டியில் பிடித்து அளந்தேன், இரண்டு முறை.

ஆறாம் நாள் இரவு,
கையில் டார்ச், மரச்சட்டம்.
அரிதாள் காட்டுக்குள் மண்டியிட்டுப் பார்க்கிறேன்.
வித்திலைகள்! இதயத்தை
இரண்டாக மடித்துத் திறந்தது போல.
சிலவற்றில் வண்டு துளைத்த ஓட்டை.
ஓட்டை வழியே மறுபக்க வைக்கோல்.
ஓடில்லாத நத்தை ஒன்று
வெள்ளிக் கோடு இழுத்துப் போயிருந்தது,
எங்களைவிட நேராக.
எண்ணினேன்.
முப்பது. இருபத்தேழு. நாற்பத்தொன்று.
பிறகு ஒரு வரிசை முழுக்க
ஒன்றுமில்லை.

காலையில் ஏழாவது பல்லின் குழாயைக் கழற்றினோம்.
உள்ளே, ரோஜா இலைகளை
வட்டமாக வெட்டிச் சுருட்டி
சுருட்டு போல அடுக்கி வைத்திருந்தது ஒரு தேனீ.
ஜூன் மாதக் குடித்தனம்.
கொட்டகையில் இயந்திரம் சும்மா நின்றபோது
வாடகை கேட்காத ஒரே வீடு.
விதைப்பதற்குமுன் குழாயை ஊதிப் பார்க்க வேண்டியவள் நான்.
இவோர் அதைச் சொல்லவில்லை.
சுருளை உடையாமல் உருவி
ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனார்.

குளிர்காலம் முழுக்கப் புறாக்கள்.
அதைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

இப்போது மே.
மேட்டின்மேல் நின்றால் கண் கூசும் மஞ்சள்.
அதன் குறுக்கே வெற்றுக் கோடுகள்:
போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்,
ஆகவே ஜோடி ஜோடியாக, இடைவெளி ஒழுங்கின்றி.
சாலையில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது.
கிளெம் காரை நிறுத்தி எண்ணினாராம்.
"இருபதில் ஒன்று போச்சு" என்றாராம் மதுக்கடையில்.
சற்றுப் பொறுத்து, "பத்தொன்பது நிற்கிறது" என்றாராம்.

நேற்று மாலை ஒரு முயல்
அந்தக் கோட்டின் வழியே ஓடி வந்தது,
யாரோ தனக்கென்று போட்ட தெரு என்று நினைத்து.
பாதியில் நின்றது.
இருபுறமும் அதன் தலைக்கு மேலே
மஞ்சள் இரைந்துகொண்டிருந்தது,
அவ்வளவு தேனீ.

அறுவடைக்குப் பத்து வாரம் இருக்கிறது.
ஆலங்கட்டி மழைக்கும் அது தெரியும்.