மூவாயிரத்து நூற்றைம்பது

கரண்டு அட்டையின் பின்பக்கம்
பெர்சி ஒரு கோடு கிழித்தாள்.
இந்தப் பக்கம் ஓட்டல், அந்தப் பக்கம் லாட்ஜ்.

தண்ணீர்ப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிற ஓட்டலில்
ஒரு ராத்திரி, நாலு பேர், நுழைவுச் சீட்டு உட்பட
எட்டாயிரத்து எழுநூற்றைம்பது.
தென்காசியில் லாட்ஜ் ஆயிரத்து அறுநூறு.
டிக்கெட் தலைக்குத் தொள்ளாயிரம்.
காலையில் இட்லி, பூரி,
ஆபேல் கேட்டுவிட்டுப் பாதி வைக்கிற ரவா தோசை,
எல்லாம் நானூறுக்குள்.
கழித்துப் பார்த்தால்
மூவாயிரத்து நூற்றைம்பது இடிக்கிறது.

“இதுக்கு என்னத்தத் தாரான்?”

போனைப் பார்த்து வாசித்தேன்.
வந்ததும் ஜூஸ்.
வெள்ளைச் செருப்பு ரெண்டு ஜோடி, வீட்டுக்கே கொண்டுபோகலாம்.
மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பட்டை,
அதைக் காட்டினால்
வரிசையில் நிற்க வேண்டாம்.

வரிசை என்றதும்
பெர்சி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பதினாலு வருஷமாக
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறை வாசல் என் கையில்.
கவுன்சிலர் பேரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்,
பனங்கிழங்குக் கட்டோடு வருவார்கள்.
டோக்கன்படிதான் என்பேன்.
கால் முறிந்து வந்த அவள் சித்தப்பாவையே
ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தேன்.
இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு
அவர் எங்கள் வீட்டுக் கேக்கைத் தொடுவதில்லை.

“அருவிக்கு டிக்கெட்டே கிடையாது” என்றேன்,
பேச்சை மாற்ற.
“அருவில சறுக்க முடியாதுல்லா”
உள்ளறையிலிருந்து ஜெமிமா.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம்.

இன்னும் இரண்டே அறைகள் என்றது போன்.
“அது எப்பவும் அப்படித்தான் சொல்லும்” என்றவள்
பதினொன்று பத்துக்கு
அவளே அமுக்கினாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

ஆலங்குளம் தாண்டியதும் காற்றாடிகள்,
பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல்.
ஜூஸில் ரஸ்னா வாசம்.

மறுநாள் எட்டு மணிக்குக் கதவு திறந்தது,
எங்களுக்கு மட்டும்.
கைலியை மடித்துக் கட்டிய ஒருவர்
வலையால் இலை அரித்துக்கொண்டிருந்தார்.
“மோட்டார் போட்டுத் தண்ணி ஏற ஒம்பது ஆவும் சார்.”
நீலச் சறுக்கு காய்ந்து கிடந்தது.
ஆபேல் உச்சிவரை ஏறி
படி வழியாகவே இறங்கி வந்தான்.
“ஆளுக்கு எழுநூத்தி எம்பத்தேழு ரூவா” என்று
வகுத்துச் சொல்லிவிட்டு
பெர்சி சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.
பிறகு குளத்து விளிம்பில் உட்கார்ந்து
காலை உள்ளே விட்டாள்.
மலை பாதிக்கு மேல் மேகம்.
“பின்னாடி யாரும் இல்லாம நின்னு
எத்தன நாளாச்சு” என்றாள்,
என்னிடமா மலையிடமா தெரியவில்லை.

ஒன்பதுக்குக் கூட்டம் வந்தது.
பட்டை வேலை செய்தது.
வரிசையில் ஈரம் சொட்ட நின்ற ஒரு பையன்
ஜெமிமாவின் மணிக்கட்டையே பார்த்தான்.
அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு
எங்களைத் தாண்டிப் போய்
ஆறு தடவை சறுக்கினாள்.
நான் மூன்று தடவை.
டோக்கன்படி என்று யாரும் சொல்லவில்லை.

செருப்பில் ஒரு ஜோடி புதன்கிழமைக்குள் பிய்ந்தது.

வெள்ளிக்கிழமை கரண்டு பில் கட்டக் கடைசி நாள்.
கவுன்ட்டரில் எனக்கு முன்னால் பதினாறு பேர்.
என் முறை வந்ததும்
அட்டையை வாங்கிய அம்மா
பின்பக்கம் திருப்பி
மேலிருந்து கீழே நிதானமாக வாசித்தார்.
கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
“எந்தப் பக்கம் போனீங்க சார்?
குடுத்த காசுக்குத் தகுமா?
எம் மக கேட்டுக்கிட்டே இருக்கா.”

எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள்.
ஒருவர் தொண்டையைச் செருமினார்.