ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன் நான்.
ராத்திரி இரண்டரைக்குப் பார் பாராக வந்து இறங்கும்.
மெஷினில் தள்ளி, நொறுக்கி,
போட்டின் வயிற்றில் வாரிக் கொட்டுவேன்.
பிடித்தது கெடக்கூடாது, அவ்வளவுதான் தொழில்.
பதினோரு வருஷமாய்
குளிர்தான் காப்பாற்றும் என்று இருந்தவன்.

ராயபுரம் ஆஸ்பத்திரியில்
எட்டாம் மாசமே வந்துவிட்டாள்.
ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது.
சின்ன வஞ்சிரம் இதைவிடக் கனம்
என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டி.
வீட்டுக்கு விடும் முன்
நர்ஸ் தமயந்தி என் கையைத் தொட்டுப் பார்த்தார்.
"இன்னாங்க இது, ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாதிரி கீது!
கை வேணாம். சட்டையக் கழட்டுங்க.
அப்பா நெஞ்சும் நெஞ்சுதானே."
குல்லாவோடு அவளை என் மார்பில் கவிழ்த்து
குணவதியின் பழைய வாயில் புடவையால் கட்டினார்.
அடிப்பது எவர் நெஞ்சு என்று
கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

ஜீவரத்தினம் நகரில் எங்களுடையது ஒற்றை அறை.
லாரித் தண்ணீரில் ஒரு குடம் கை கழுவ மட்டும்;
அதில் அரிசி களையக்கூடாது, குணவதி போட்ட சட்டம்.
வேலை விட்டு வந்தால் வாசலிலேயே குளியல்.
பிறகு நகக்கண்ணுக்கு ஒரு தடவை, முழங்கைக்கு ஒரு தடவை சோப்பு.
லூர்துராஜ் தும்மிக்கொண்டே வந்தான், கையில் கிலுகிலுப்பை.
ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.
நாலு நாள் பேசவில்லை.
ஏஜென்ட் சம்சாரம் தேன் பாட்டிலோடு வந்தார்:
"நாக்குல ஒரு சொட்டு. குரல் இனிக்கும்."
"அவளுக்கு இப்ப அழத்தான் குரலு. எம் பாலு போதும்க்கா"
என்றாள் குணவதி.
தேனை நான் தோசைக்கு வைத்துக்கொண்டேன்.

எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு மட்டும்
என்ன சொல்லி அனுப்புவது?
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் அது.

ஒரு ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது
அவள் பாதம் என் கன்னத்தில் பட்டது.
ஐஸ் எனக்குத் தெரியும்.
இது ஐஸ் இல்லை,
ஐஸாகப் போகிற தண்ணீர்.
சட்டையைக் கழற்றி எறிந்தேன்.
பால் கொடுத்து, குணவதி இறுக்கிக் கட்டினாள்.
எதிர்வீட்டு முபாரக் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தி
சாவியை விரலில் சுற்றியபடி நின்றார்.
போன் அடித்தது.
"எங்கடா கீற? பாரெல்லாம் உருவுது."
உருகட்டும் என்றேன்.

அரை மணி.
ஒவ்வொரு விரலாக,
சுண்டுவிரல் கடைசியாக,
சூடு வந்தது.
முபாரக் டீ கேட்டார்.

புதன்கிழமை ஊசிக்குப் போனோம்.
தராசில் எண்கள் ஓடி நிற்கும்வரை
நான் மூச்சு விடவில்லை.
இரண்டு கிலோ நூற்றுப் பத்து!
மீன் ஏலத்தில் கத்துகிற மாதிரி
வராண்டாவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு
அவளை வாங்கக் குனிந்தேன்.
தமயந்தி நிமிரவே இல்லை.
"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."