மீதிச் சில்லறை

அம்மாவுக்கு மார்ச் மாதச் சம்பளம்
பதினோரு கரடிகள்.
ஏப்ரலுக்கு முயல்கள். மே மாதம் பாக்கி.
பொம்மை ஆலையில் பஞ்சு இருந்தது, நூல் இருந்தது,
பணம் மட்டும் மின்ஸ்க்கிலிருந்து
வந்துகொண்டே இருந்தது.

கரடியை வேகவைக்க முடியாது என்றான் க்ளேப்.
அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து.
ஆகவே நான் முதலாளி.

கோமெல் போகும் ரயில் எங்கள் ஊரில்
ஒன்பது நிமிடம் நிற்கும்.
ஊரே அங்கே நிற்கும்,
ஆளுக்கொன்றாய் அதே கரடியைக் கட்டிக்கொண்டு.
என் கரடி என்னைவிட உயரம்.
சன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கு
ரப்பர் பூட்ஸ் மாட்டிய கரடி ஒன்று
தன்னைத் தானே விற்க ஓடிவருவதாகத் தெரிந்திருக்கும்.

முதல் நாள் போணியே ஆகவில்லை.
அப்பாக்களிடம் விலை சொன்னேன்;
அப்பாக்கள் விலையைக் கேட்டுக்கொண்டார்கள்.
மறுநாள், மேல் படுக்கையில் விழித்திருந்த பிள்ளைகளுக்கு நேரே
கரடியின் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
வாயே திறக்கவில்லை.
மீதிப் பேரத்தை உள்ளே அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மழையில் நனைந்த கரடி இரண்டு கரடி கனக்கும்,
அரைக் கரடி விலைக்குப் போகும்.
போலீஸ்காரர் ஸாவிச் வாரம் ஒரு முயல் எடுத்துக்கொள்வார்,
ரசீது கிடையாது.
சிவப்பு ரிப்பன் கட்டினேன், இரண்டு நாள் ஓடியது;
மூன்றாம் நாள் நடைமேடை முழுக்க ரிப்பன்.

ஃபைனா ரிப்பன் கட்டவில்லை.
கரடிக்குப் பெயர் வைத்தாள்.
"இவன் புரோகோர். இருட்டென்றால் பயம்.
விளக்கை அணைச்சிடாதீங்க, அத்தை."
அந்த அத்தை விலையே கேட்கவில்லை.
நாங்களும் பெயர் வைத்துப் பார்த்தோம்.
எங்கள் கரடிகளுக்கு எதிலும் பயமில்லை,
விற்காமலே வீடு திரும்பின.

இன்னொன்றும் ஃபைனாவைப் பார்த்துத்தான் கற்றேன்,
அவள் சொல்லித்தரவில்லை.
எட்டாம் நிமிடத்தில் பெரிய தாள் நீட்டுபவருக்கு
மெதுவாகச் சில்லறை தேட வேண்டும்.
இடது பை, வலது பை, தொப்பிக்குள்,
"ஒரு நொடி, மாமா,"
மறுபடி இடது பை.
ரயில் யாருக்காகவும் பத்தாம் நிமிடம் நிற்காது;
அந்தத் தொழிலுக்கு முதல் அதுதான்.

அவர் ராணுவக் கோட்டு போட்டிருந்தார்,
பொத்தான்கள் பிய்த்தெடுக்கப்பட்ட கோட்டு.
வெள்ளைக் கரடி அறுபதாயிரம்.
நீட்டியது ஒரு லட்ச ரூபிள் தாள்.
இடது பை. வலது பை.
பெட்டி அசைந்தது.
நானும் கூடவே கொஞ்சம் ஓடினேன்,
ஓடுவதும் வித்தையில் சேர்த்தி.
திட்டப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கரடியின் கையைப் பிடித்து
எனக்கு டாட்டா காட்டினார்.
சிக்னல் தாண்டி, வளைவு வரும்வரை
அந்த வெள்ளைக் கை ஆடிக்கொண்டே போனது.

நாற்பதாயிரம் என் காலுறைக்குள்தான் இருந்தது,
இரண்டாக மடித்து, வெதுவெதுப்பாக.

அன்று ரொட்டி வாங்கினோம், வெண்ணெயும்.
நன்றாகவே சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

இப்போது கோமெலில் மூன்று டயர் கடை எனக்கு.
கல்லாவில் புதிதாக உட்காருபவர்களுக்கு
நான் வைத்திருக்கும் விதி ஒன்றே:
சில்லறை முதலில், சரக்கு பிறகு.
ஏன் என்றால், கணக்கு சுலபம் என்பேன்.

கணக்கு நிஜமாகவே சுலபமாகிவிட்டது.
அரசாங்கம் ரூபிளில் ஒருமுறை
மூன்று சைபரை வெட்டியது.
பிறகு இன்னொரு முறை, நான்கை.
அவருக்குத் தர வேண்டிய நாற்பதாயிரம்
இன்று அரைக் கோபெக்கூடத் தேறாது.
அந்தத் தொகைக்கு நாட்டில் நாணயமே இல்லை.

நாளை அவர் கடைக்குள் வந்து நின்றாலும்
நான் இடது பையைத் தேடுவேன், வலது பையைத் தேடுவேன்.
மாமா, சத்தியமாக,
இப்போது என்னிடம் சில்லறை இல்லை.