நிழலை நாற்பதுக்கு ஏற்றியபோது

மோல்மேனில் அன்று
ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று பேச்சு.
பேச்சுதான். எட்டரைக்கும் போகும்,
போகாமல் விடியும்வரை ஏமாற்றவும் செய்யும்.
என் மடிக்கணினியின் பேட்டரியோ
கடன் வாங்கியவன் வாக்கு.

தெய்வசிகாமணியின் டீக்கடைக்கு இருபத்தைந்து வயது.
பலகையில் அவர் பெயர் ஊ தெய்ன் மவுங்.
கல்லாவுக்கு மேலே மாட்ட ஒரு படம் வேண்டும்:
அவர், பர்வதம், இரண்டு பெண்கள்,
பின்னால் பாய்லர், பால்டின் கோபுரம்,
பரோட்டாக் கல்லின் புகை.
காலை ஏழு மணி.
சல்வீன் ஆற்றுப் பக்கமிருந்து வெளிச்சம் சாய்வாக வந்து
குட்டை ஸ்டூல்களில் உட்கார்ந்துகொண்ட நேரம்.
ஒரே சொடுக்கு.
நல்ல படம் என்று எனக்கே தெரிந்தது. அபூர்வம்.

ராத்திரி போனில் அவர்:
கூரையில தொங்கற ஒயரை எடுத்துடு தம்பி.
எடுத்தேன்.
தொந்தியை ஒரு விரற்கடை உள்ள தள்ளு.
அரை விரற்கடை தள்ளினேன்.
சின்னவ முகத்துல தனகா திட்டுத் திட்டா இருக்கு, நிரவிடு.
அதை மட்டும் மறந்துபோனேன்.
அவளே பூசிக்கொண்டது.
கடை கொஞ்சம் பெரிசாத் தெரியணும்.
சுவரைத் தள்ள முடியாது அண்ணே,
வேண்டுமானால் நிழலைக் குறைக்கிறேன்.

நிழல் என்று திரையில் ஒரு கோடு.
கோட்டில் ஒரு குமிழ்.
வலப்பக்கம் இழுக்க இழுக்க
இருட்டு தன் சாமான்களை வெளியே எடுத்து வைக்கும்.
பத்தில் பெஞ்சின் கால்கள்.
இருபதில் சர்க்கரை மூட்டை, அதன் கிழிசல்.
முப்பதில் அலுமினிய அண்டா.
நாற்பதில்
அண்டாவுக்குப் பின்னால் ஒரு பையன்.

பத்து வயது இருக்கும்.
முழங்கைவரை நுரை.
கன்னத்தில் அவனுக்கும் தனகா,
வட்டமாக, அக்கறையாக.
யார் பூசிவிட்டது?
நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடியில்
பர்வதம் இமைத்துவிட்டாள்,
பெரியவள் கண் கைப்பேசியில்,
லென்ஸை நேராகப் பார்த்தவன்
அவன் ஒருத்தன்தான்.

நான் தினமும் அங்கே டீ குடிப்பவன்.
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பினால்
இந்த ஊரில் டீ வரும்.
எழுப்பியிருக்கிறேன். வந்திருக்கிறது.
கிளாஸ் வைத்த கைக்கு மேலே
முகம் ஒன்று இருந்ததா?

தொழில் முறைப்படி இது கெட்ட திருத்தம்.
இழுத்துப் பிடித்த இருட்டு
அரிசிமாவு தூவியதுபோல் புள்ளி புள்ளியாகப் பொரியும்.
கண்ணை அலையவிடாதே, மூலையைக் கறுப்பாக்கு என்பார்கள்.
நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன் போட்டேன்.
அண்ணே, மூலையில ஒரு பையன் தெரியறான்.
அந்தப் பக்கம் பாய்லர் மட்டும் சீறிற்று.
அவனா? தண்ணித் திருநாளுக்கு முன்னால
அவங்கம்மா கொண்டாந்து விட்டா.
மூணு வேளை சாப்பாடு. படுக்க மாடி.
என் பொண்ணுங்க மாதிரிதான்.
நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு
கறுப்பாவே விட்டுடு தம்பி என்றார்.
வைப்பதற்கு முன்னால்,
கடை சின்னதா இருந்தாப் பரவாயில்லை.

குமிழைப் பூஜ்யத்துக்குத் தள்ளினேன்.
அண்டா போயிற்று, மூட்டை போயிற்று,
ஒயர் முன்பே போயிருந்தது.
படம் அழகாக இருந்தது.
அப்போதுதான் கரண்ட் போனது.
திரை மட்டும் மிச்சம், பேட்டரி ஒன்பது சதவீதம்.
இருபத்தேழுக்கு ஏற்றி,
யோசிக்க நேரமில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லி,
சேமித்தேன்.

வெள்ளிக்கிழமை சட்டகத்தோடு போனேன்.
அவர் தள்ளி நின்று தன் தொந்தியைப் பார்த்தார்,
திருப்தி.
ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்தவன் அந்தப் பையன்.
மாட்டிவிட்டு இறங்கவில்லை.
இடது மூலையை மட்டும்
ஈரவிரலால் ஒருமுறை துடைத்தான்,
மறுபடி துடைத்தான்.
தூசி என்று நினைத்தானோ என்னவோ.

எனக்கு டீ வேண்டியிருந்தது.
எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்
உட்கார்ந்திருந்தேன்.