காற்று புகும் இடம்

இரண்டரை மணி நேர மின்வெட்டு முடிந்து
புளூம்ஃபொன்டெய்னில் என் ஃபிரிட்ஜ் முனகி எழுந்தபோது
தோட்டத்துப் பம்பும் எழுந்தது.
ஓடியது; எதையும் இழுக்கவில்லை.
வெறும் வாயை மெல்லும் சத்தம்.
கூடையின் கண்ணாடி மூடிக்குள்
பாதித் தண்ணீர், மீதி குமிழி.
அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

எனக்கு நீந்தத் தெரியாது.
வீட்டை வாங்கினேன்; குளம் கூடவே வந்தது,
ஊஸ்தேசன் விட்டுப்போன நாய்ச்சங்கிலியைப் போல.

பம்பு அறைச் சுவரில் அவர் பென்சில் எழுத்து,
ஆஃப்ரிகான்ஸில்:
மூடியைக் கையால் மட்டும் திருகு. ஸ்பேனர் வேண்டாம்.
மிளகுமரத்து விதை உள்ளே போகும், பார்த்துக்கொள்.
கீழே, சம்பந்தமில்லாமல், ஒரு தொலைபேசி எண்.
ஒருமுறை அழைத்தேன். ஒரு பெண் எடுத்து
அவர் இங்கே இல்லை என்றாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

மெயினை அணைத்தேன். வால்வை மூடினேன்.
கூடையைக் கவிழ்த்தால்
ஊறிய விதைகள், ஒரு வண்டு,
ரெஃபில்வே மூன்று நாளாய்த் தேடிய தலைமுடி வளையம்.
இம்பெல்லரின் வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினேன்.
சுத்தம்.
மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பில்லை;
இருந்தாலும் துடைத்து சிலிக்கான் பசை தடவினேன்.
இரண்டு வாளி ஊற்றி, மூடி, போட்டேன்.
நீர் ஏறியது. எண்ணினேன்.
முப்பத்தொன்றில் மறுபடி குமிழி.

அரசு மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி.
சலைன் குழாயில் கடுகளவு காற்று தெரிந்தாலும்
நகத்தால் சுண்டிச் சுண்டி
மேலேற்றி வெளியேற்றும் விரல்கள் இவை.
இங்கே அது எந்த வழியாய் வருகிறதென்று
தெரியாமல் நின்றது
கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

ஹார்டுவேர் கடை கோபுஸ் போனில் சொன்னான்:
தண்ணீர் ஒழுகினால் தரை ஈரமாகும்.
காற்று ஒழுகுவது உள்நோக்கி.
பம்பை ஓடவிட்டு
ஷேவிங் நுரை பூசிப் பார்.

எங்கள் வீட்டில் சவரம் செய்பவர் இல்லை.
பக்கத்து வீட்டு மொலேஃபி பாதி டப்பா கொடுத்தார்;
கொடுத்துவிட்டுப் போகாமல்
பைக்குள் கைவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

ஒவ்வொரு இணைப்புக்கும் வெள்ளைக் காலர் அணிவித்தேன்.
வால்வுத் தண்டில் அசைவில்லை.
முழங்கை வளைவில் அசைவில்லை.
பம்புக்குள் நுழையும் பிளாஸ்டிக் மறையில்
நுரை மெல்லக் குழிந்தது,
தூங்குகிறவன் மூச்சிழுக்கையில்
வாயோரம் போர்வை குழிவதுபோல்.
அதே கடுகளவு.

மொலேஃபி கைதட்டினார்.
நான் தட்டவில்லை, கையெல்லாம் நுரை.

அணைத்து, கழற்றி, டெஃப்லான் நாடா ஏழு சுற்று.
இப்போது வேறு குரலில் ஓடுகிறது,
கனமாக, வாய் நிறைய.
முள் எழுந்து உட்கார்ந்தது.

ஆறரைக்குப் பணி. ஐந்து நிமிடம் மிச்சம்.
காலணியைக் கழற்றி
இரண்டாம் படிவரை இறங்கினேன்.
சுவர்த் துவாரத்திலிருந்து திரும்பி வரும் நீர்
கெண்டைக்காலைத் தள்ளியது.
தள்ளட்டும்.
ஒன்பது மணிக்கு மறுபடி மின்வெட்டு
என்கிறது அட்டவணை.