கழித்தல் கணக்கு

கொளத்தூர், மாடி போர்ஷன்.
மூன்று மாதமாக வாடகை வரவில்லை.

"காலி பண்ணத்தான் போறோமே சார்,
அட்வான்சுல கழிச்சுக்கோங்க."
மோட்டார் சுவிட்சருகே நின்று
செல்வின் சொன்னபோது
நியாயமா இது என்று கத்தினேன்.
பெயின்டுக்கு ஒரு மாசம், கரண்ட் பாக்கி,
உடைந்த வாஷ்பேசின்,
சுவரில் பதினொரு ஆணி.
பழைய காலண்டரின் பின்புறம்
எழுதி நீட்டினேன்.
தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

அவனிடம் சொல்லவில்லை,
அந்த அட்வான்ஸ்
போன ஜூனிலேயே
பெரியவளின் ஹாஸ்டல் ஃபீஸாகக் கரைந்துவிட்டதை.
வாடகையைக் கட்டிவிட்டு
சாவியோடு வந்து கை நீட்டியிருந்தால்
நான்தான்
என் வீட்டிலேயே ஒளிந்து திரிந்திருப்பேன்.

ஞாயிறு, சின்ன யானையில்
பீரோவை ஏற்றக் கைகொடுத்தேன்.
"கோபமில்லையே சார்?"
இல்லாமலா, என்றேன்.

சாயங்காலம்
டு-லெட் போர்டைத் துடைத்து மாட்டினேன்:
அட்வான்ஸ் பத்து மாசம்.